ரேஸ் டீம் கழித்த ஸ்டீயரிங் சாமான் ரோட்டு எஸ்டீமுக்கு ஆகுமா?

ஒருவர் கேட்டது:

"என்னிடம் இருப்பது 2003 மாருதி எஸ்டீம் கார், பவர் ஸ்டீயரிங் இல்லாதது. ராக்கில் ஆட்டம், இரண்டு பக்கமும் டைராட் எண்ட் போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் ரேஸ் டீம் கழித்த சாமான் ஒரு மூட்டை தருகிறேன் என்கிறார். ரோஸ் ஜாயிண்ட், பார்முலா வண்டி ராக் ஒன்று, குவிக் ரிலீஸ் பாஸ், அலுமினிய ஸ்பேசர் எல்லாம் இருக்கிறது. மொத்த விலையே ராக்கை ரீகண்டிஷன் செய்ய எனக்குச் சொன்ன தொகையைவிடக் குறைவு. ரேஸில் ஓடிய சாமான் ரோட்டில் தாங்காதா என்ன?"

ஜூன் 7, 2024, இரவு

தாங்கும். எத்தனை நாள் தாங்கும், அதுவரை யார் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதைக் கேளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்குப் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன்: ராக் என்பது ஸ்டீயரிங் சுற்றுவதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல்கம்பி, டைராட் அதைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி, அதன் முனை ஜாயிண்ட்தான் டைராட் எண்ட். ரோஸ் ஜாயிண்ட் ரேஸ் வண்டியில் அதற்குப் பதில் போடுவது, குவிக் ரிலீஸ் பாஸ் ஸ்டீயரிங் வீலைச் சட்டென்று கழற்ற உதவும் பிடிமானம், ஸ்பேசர் இடைவெளிக்கு வைக்கும் துண்டு, பார்முலா வண்டி என்பது ஒற்றை இருக்கை ரேஸ் வண்டி. நான் கோவையில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறவன், பட்டறையில் ஒரு லேத்தும் உண்டு, செட்டிபாளையம் டிராக்கில் ஒரு சின்ன டீமுக்குக் கைவேலை செய்து கொடுத்த பழக்கமும் உண்டு. அதனால் இந்த மாதிரி மூட்டை எப்படிச் சேர்கிறது என்று தெரியும். வண்டி உள்ளே வந்ததும் ஸ்டாண்டில் ஏற்றுவார்கள். ஒரு பையன் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுவான், இன்னொருவன் ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரல் வைத்துப் பார்ப்பான். விரலுக்கு லேசாக ஒரு 'டக்' தெரிந்தால் போதும், அந்த ஜாயிண்ட் கழன்று வந்துவிடும். கழற்றியது ஓர் அட்டைப்பெட்டிக்குள் விழும். பெட்டி நிறைந்தால் அதுதான் மூட்டை.

ஆக உங்களுக்கு விலை சொல்லியிருப்பது, பார்த்துப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிய சாமானுக்கு.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழித்து

விலையைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. எஸ்டீமுக்கு நல்ல கம்பெனி டைராட் எண்ட்டே சில நூறு ரூபாய்தான். அதே பாரம் தாங்குகிற நல்ல ரோஸ் ஜாயிண்ட் புதிதாக வாங்கினால் அதைவிடக் கூடவே ஆகும். மலிவு என்று தோன்றுவது மூட்டையாக வாங்குவதால்தான். ராக்குக்குச் சொன்ன தொகை எவ்வளவு, அதில் என்னென்ன மாற்றுவதாகச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஜூன் 8

"ரோஸ் ஜாயிண்டுக்கும் டைராட் எண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம், இரண்டிலும் ஒரு உருண்டைதானே சுற்றுகிறது" என்று இந்த இழையில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் கேட்கிறார்.

உருண்டை சரிதான். கம்பெனி டைராட் எண்டில் அந்த உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் கிரீஸோடு உட்கார்ந்து, மேலே ரப்பர் பூட் போட்டு மூடப்பட்டிருக்கும். மழை, செம்மண், மாட்டுச்சாணி எதுவும் உள்ளே போகாது. பூட் கிழியாதவரை வருடக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். ரோஸ் ஜாயிண்டில் உருண்டை திறந்தே இருக்கும். உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய டெஃப்லான் துணியோ நைலானோ இருக்கும், மலிவானதில் அதுவும் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசும். புதிதில் துளி ஆட்டம் இருக்காது, ஸ்டீயரிங் கத்தி மாதிரி திரும்பும், அதற்காகத்தான் ரேஸில் போடுகிறார்கள். ஆனால் புழுதி ஒரு தடவை உள்ளே புகுந்தால் அந்தத் துணியை அரைக்க ஆரம்பித்துவிடும். ஆட்டம் வந்த பிறகு அதை டைட் பண்ண வழி கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

ரோஸ் ஜாயிண்டுக்கென்று ரப்பர் உறை தனியாக விற்கிறார்கள். போட்டால் ஆயுள் கூடும். நம் தம்பிமார் முக்கால்வாசிப் பேர் போடுவதில்லை, பளபளப்பு மறைந்துவிடுமாம்.

ஜூன் 8, மாலை

எஸ்டீம்காரர் படம் அனுப்பியிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்ததில் மூன்று வகை கலந்து கிடக்கிறது. இதில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

வெளிநாட்டு ரேஸ் சாமான் பெரும்பாலும் அங்குல மரை. அரை அங்குல ஃபைன் (நெருக்கமான) மரை என்றால் விட்டம் 12.7 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு 20 மரை, அதாவது மரைக்கு மரை 1.27. நம் வண்டிகளில் சாதாரணமாக வருகிற 12 மில்லி ஃபைன் மரையில் அந்த இடைவெளி 1.25. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 12 மில்லி ஜாயிண்டை அரை அங்குல மரை போட்ட குழாயில் விட்டால் அது பாட்டுக்கு ஏறும். கொஞ்சம் லொடலொடப்பு தெரியும், லாக் நட்டை இறுக்கியதும் அதுவும் தெரியாது. உள்ளே மரை நுனியோடு நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். பார்க்க எல்லாம் டைட். பாரம் வருகிற அன்று மொத்தமாக உருவிக்கொண்டு வரும்.

மரை கேஜ் ஒன்று வாங்க நூறு இருநூறு ரூபாய்தான் ஆகும். கண்ணால் பார்த்து மரை சொல்கிறவன் என்று நம்மூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், 1.25-க்கும் 1.27-க்கும் கண்ணால் வித்தியாசம் சொல்கிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 9

இப்போது பலரும் சொல்லும் வாதத்துக்கு வருகிறேன். "ரேஸில்தானே வண்டியைக் கொல்கிறார்கள், ரோட்டில் பால் வாங்கப் போகிறோம், அங்கே தாங்கியது இங்கே தாங்காதா?"

ரேஸ் டிராக் என்பது வழவழவென்று போட்ட தார். அங்கே குழி கிடையாது, சொல்லாமல் கொள்ளாமல் போட்ட வேகத்தடை கிடையாது. வளைவில் வரும் பாரம் பெரியது, ஆனால் அது ஒரே சீராக ஏறி இறங்கும். ரோட்டில் வருவது அடி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் இடதுசக்கரம் விழும்போது டைராடில் இறங்குகிற அடிக்கு எந்த டிராக்கிலும் ஈடு இல்லை. அப்புறம், நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து பார்க்கிங் போடுகிறோமே, ரேஸ் வண்டி அதைச் செய்வதே இல்லை. டயர் தரையில் அப்படியே நின்று முறுக்கும்போது முழு பாரமும் அந்த ஜாயிண்டில்தான்.

ரேஸ்காரன் கணக்கு வேறு. அவனுக்கு எடை குறைய வேண்டும், ஆட்டம் கூடாது, அடுத்த ரேஸ்வரை நின்றால் போதும். கார் கம்பெனிக்காரன் கணக்கு, ஒருவரும் பார்க்காமல் விட்டாலும் நிற்க வேண்டும் என்பது. இரண்டு பேரும் நல்ல சாமான்தான் செய்கிறார்கள்.

ஜூன் 9, இரவு

"அப்போ நானும் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொள்கிறேன், போடலாமா" என்று தம்பி ஒருவர். போடலாம் தம்பி, முதலில் டயர் காற்றைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஜூன் 11

ஸ்பேசர் விஷயம். இதுதான் இந்த மூட்டையில் எனக்குப் பயமான சாமான், ரோஸ் ஜாயிண்ட்கூட இல்லை.

வண்டியை இறக்கினால், அதாவது நிற்கும் உயரத்தைக் குறைத்தால், டைராட் கோணம் மாறும். சஸ்பென்ஷன் ஆர்மும் டைராடும் ஒரே வட்டத்தில் ஏறி இறங்காததால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும், பம்ப் ஸ்டீயர் என்பார்கள். அதைச் சரிசெய்ய ரேஸில் டைராட் எண்டின் டேப்பர் ஸ்டட்டை (கூம்பு முளையை) கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் ஆர்மில் நேரான போல்ட் ஒன்றைத் தொங்கவிட்டு, தேவையான உயரத்துக்கு ஸ்பேசர் வைத்து, அதன் முனையில் ரோஸ் ஜாயிண்டை மாட்டுவார்கள். அளந்து செய்தால் அருமையான வேலை. போல்ட்டுக்குப் பிடிமானம் ஒரு முனையில்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். டைராடில் 300 கிலோ விசை, ஸ்பேசர் உயரம் 40 மில்லி, 12 மில்லி போல்ட் என்று வைத்துக்கொள்வோம். போல்ட் அடிவாரத்தில் வளைவால் வரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 700 நியூட்டன். பலத் தரம் 8.8 என்று தலையில் அடித்த போல்ட் வளைந்து நிற்க ஆரம்பிப்பது 640-இல். அதாவது கடையில் 'எச்.டி. போல்ட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இந்த இடத்தில் வளைந்துவிடும். 10.9 போட்டால் தாங்கும், மரை ஆரம்பிக்கும் இடம் சரியாக ஆர்மின் விளிம்பில் வந்து நிற்காதவரை. அங்கே மரை வந்துவிட்டால் இரும்பு 10 மில்லிக்கும் குறைவு, அழுத்தம் 1200-ஐத் தாண்டும், 10.9-ம் போச்சு. அதே பாரத்துக்கு 16 மில்லி போல்ட் போட்டால் அழுத்தம் 300-க்குள் அடங்கிவிடும். விட்டம் கொஞ்சம் கூடினாலே பலம் எவ்வளவு ஏறுகிறது பாருங்கள்.

உங்கள் வண்டி இறக்கிய வண்டி இல்லை. கம்பெனி உயரத்தில் நிற்கிறது. பம்ப் ஸ்டீயரே இல்லாத வண்டிக்கு அதைச் சரிசெய்யும் கிட் எதற்கு?

ஜூன் 11, பின்குறிப்பு

மேலே எழுதியதற்கு ஒருவர் "ஜாயிண்டுக்குக் கீழே பெரிய வாஷர் போட்டால் போதும்" என்கிறார். அந்த வாஷர் வேறு வேலைக்கு. உருண்டை வளையத்தை விட்டு வெளியே வந்துவிட்டாலும் டைராட் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள அது. கட்டாயம் போட வேண்டியதுதான். ஆனால் போல்ட்டே வளைந்தால் வாஷரும் சேர்ந்து வளைந்து போகும், அவ்வளவே.

ஜூன் 12

"இதையெல்லாம் எந்த போலீஸ் குனிந்து பார்க்கப் போகிறது" என்றவருக்கு.

போலீஸ் பார்க்க மாட்டார், எஃப்.சி.க்குப் போனால் பார்க்கலாம், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் கட்டாயம் பார்ப்பார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 98 ஸ்டீயரிங்குக்கு மட்டுமே. ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் இணைப்பில் உள்ள எல்லா பால் ஜாயிண்டுக்கும் ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டோ பின்னோ போட்டால் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். 30 டிகிரி என்பது தாராளமான சலுகை, கடிகாரத்தின் சின்ன முள்ளுக்கு ஒரு மணி நேரத் தூரம். அதைத் தாண்டிய வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அது வேறு கதை.

கவனியுங்கள், ரப்பர் மூடி என்று விதியிலேயே இருக்கிறது. ரோஸ் ஜாயிண்ட் பளபளக்க வேண்டும் என்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பற்றியும் கேட்டார்கள். கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம்வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம் என்று வந்தது. டைராட் மாற்றினால் ஆர்.சி.யில் எழுதிய எதுவும் மாறுவதில்லையே என்று வக்கீல் வைத்து வாதாடலாம். விதி 98-க்கு அப்படி வாதாட எதுவும் இல்லை.

ஜூன் 14

குவிக் ரிலீஸ் பாஸ். வீலைக் கழற்றி கையில் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போகலாம், திருடன் வண்டியை எடுக்க மாட்டான், நன்றாகத்தான் இருக்கும்.

ரேஸில் அது இருப்பது சீட்டில் ஏறி இறங்க இடம் இல்லாததால். நல்லதில் உள்ளே ஸ்ப்லைன் (பல் பல்லான வரி) வெட்டியிருக்கும், எஸ்.எஃப்.ஐ. 42.1 என்ற தரச்சான்றும் இருக்கும். ஆன்லைனில் வருகிற மலிவான அலுமினியச் சாமானில் மூன்று குண்டோ ஆறு முள்ளோ ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து பூட்டும். தினமும் கழற்றி மாட்டினால் அலுமினியம் தேயும், வீலில் ஆட்டம் வரும். டைராட் எண்டில் ஆட்டம் என்று அழுதுகொண்டு வந்தவர் ஸ்டீயரிங் வீலிலேயே புது ஆட்டம் வாங்கிக்கொள்வது வேடிக்கை.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாஸும் குவிக் ரிலீஸும் சேர்ந்து வீலை இரண்டு மூன்று அங்குலம் உங்கள் பக்கம் தள்ளிவிடும். வீலை விடாமல் விரலை நீட்டி இண்டிகேட்டர் போடுகிற பழக்கம் போச்சு, கையை எடுத்துத்தான் போட வேண்டும். திருப்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்கிற சின்ன முள் பழைய வீலோடு போய்விட்டது, எனவே அதுவும் தானாக அணையாது. அவிநாசி ரோட்டில் வலது இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே நேராகப் போகிற வண்டி எல்லாமே இந்த வகை என்று சொல்லவில்லை, ஆனால் சில.

ஹாரன் ஒயர் இன்னொரு தலைவலி.

ஜூன் 14, இரவு

ஸ்விஃப்ட்காரர் ஒருவர் தன் வண்டிக்கும் இதையே போடலாமா என்கிறார். உங்கள் வீலில் ஏர்பேக் இருக்கிறது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, விளக்கு எரியக் கூடாது என்று ரெசிஸ்டர் மாட்டி ஏமாற்றுவதை நான் செய்து தர மாட்டேன், யாராவது செய்து தருகிறேன் என்றாலும் போகாதீர்கள். எஸ்டீம்காரர் வண்டியில் ஏர்பேக் இல்லை, அவர் கதை வேறு.

ஜூன் 16

பார்முலா ராக். படத்தை நன்றாகப் பார்த்தேன், அழகான சாமான், குட்டையாக, அலுமினியக் கூட்டில். இரண்டு காரணத்துக்காக வேண்டாம்.

ஒன்று, ராக்கின் இரு முனை ஜாயிண்டுக்கும் நடுவே உள்ள அகலம். அது கீழ் ஆர்ம் திரும்பும் புள்ளியோடு ஒத்துப்போக வேண்டும், அப்போதுதான் டைராடும் ஆர்மும் சேர்ந்து ஏறி இறங்கும். ஒற்றை இருக்கை வண்டியின் அகலத்துக்குச் செய்த ராக்கை எஸ்டீமில் வைத்து, டைராடை நீளமாக்கிச் சமாளித்தால், வண்டியை இறக்காமலே பம்ப் ஸ்டீயர் கிடைக்கும். அப்புறம் அதைச் சரிசெய்ய அந்த ஸ்பேசர். வட்டம் முழுமையாகிவிட்டது பாருங்கள்!

இரண்டு, ராக் நகர்கிற தூரம். டிராக்கில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்புகிற வேலை கிடையாது, அதனால் குறைந்த தூரமே போதும். எஸ்டீமில் போட்டால் சக்கரம் பாதிதான் ஒடியும். காந்திபுரத்தில் ஒரு யூ டர்ன் அடிக்க முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், பின்னால் நிற்கிற டவுன் பஸ் டிரைவர் உங்கள் பரம்பரையையே விசாரித்துவிடுவார்.

ஜூன் 16, மாலை

"ராக்கை விடுங்கள், அமெரிக்காவில் ஸ்டீயரிங் குவிக்கனர் என்று சின்ன கியர் பெட்டி விற்கிறான், ஸ்டீயரிங் காலத்தின் (வீலிலிருந்து ராக்குக்கு இறங்கும் தண்டின்) நடுவே மாட்டினால் போதும், அது எப்படி?" என்று பொள்ளாச்சிக்காரர்.

அது அங்கே குட்டை ஓவல் டிராக் வண்டிகளுக்கு. இடது பக்கம் மட்டுமே திரும்பிக்கொண்டிருக்கும் வண்டி, பின்சக்கரம் வழுக்கினால் டிரைவர் கண்ணிமைக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வரும். இரண்டு மடங்கு போட்டால் 16-க்கு 1 இருந்த ஸ்டீயரிங் 8-க்கு 1 ஆகும், கையில் பாரமும் இரட்டிப்பாகும். பவர் இல்லாத எஸ்டீமில் அதை மாட்டிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுங்கள், 40 கொண்டை ஊசி வளைவு, ஜிம்முக்குக் கட்டிய பணம் மிச்சம். நெடுஞ்சாலையில் 100-இல் போகும்போது தும்மினால் பக்கத்து லேனில் இருப்பீர்கள் என்பது தனி.

ஜூன் 18

ஸ்டீயரிங் காலத்தை வெட்டி வெல்ட் பண்ணலாமா என்று ஒரு கேள்வி நடுவில் வந்து யாரும் கண்டுகொள்ளாமல் போய்விட்டது. போகட்டும் என்று விட முடியாத கேள்வி.

பழைய கார்களில் காலம் ஒரே நீட்டுக் கம்பி. நேராக மோதினால் அது டிரைவர் நெஞ்சுக்குள் இறங்கும். அமெரிக்காவில் 1968 ஜனவரியிலிருந்து இதற்கென்று விதி வந்தது: 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் காலம் பின்னால் 127 மில்லிக்கு மேல் வரக் கூடாது. அதனால்தான் இப்போதைய காலம் ஒன்றுக்குள் ஒன்று செருகும் குழாயாகவும் நடுவே கோணலாக யுனிவர்சல் ஜாயிண்டாகவும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நேர் கம்பி ஒன்றை வெல்ட் பண்ணினால் அந்தப் பழைய கம்பிக்கே திரும்பிவிடுகிறீர்கள்.

வெல்டிங் எப்படிப்பட்டது என்பதற்கு 1994 மே 1, இமோலா. பார்முலா ஒன் ரேஸ் ஓட்டுநர் அய்ர்டன் சென்னாவுக்கு காக்பிட்டில் கைக்கு இடம் போதவில்லை என்று காலத்தை வெட்டி, விட்டம் குறைந்த குழாய் ஒன்றை இடையில் வைத்து வெல்ட் செய்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு காலம் உடைந்து கிடந்தது, உடைந்த இடத்தில் களைப்பு விரிசல் (திரும்பத் திரும்பப் பாரம் ஏறி வரும் விரிசல்) இருந்தது. உடைந்ததால் மோதினாரா, மோதியதால் உடைந்ததா என்று இத்தாலிய நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வழக்கு ஓடி, 2007-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காலம் உடைந்ததுதான் காரணம் என்றது. அணித் தரப்பு அதை ஏற்கவில்லை. யார் சொன்னது சரியோ, விரிசல் இருந்தது என்பதில் சண்டை இல்லை. அந்த வெல்டைப் போட்டது உலகத்தின் முதல்தரமான பட்டறைகளில் ஒன்று. நம் தெருமுனை வெல்டர் நல்ல மனுஷன், கேட் நன்றாகச் செய்வார்.

ஜூன் 19

இடையில் இழை எங்கோ போய்விட்டது. கரிவர்தனைப் பற்றிக் கேட்டார்கள், சோழவரத்தைப் பற்றிக் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு வருகிறேன். சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்தில் நம்மூரில் ரேஸ் சாமான் என்று தனியாக எதுவும் கிடைக்காது. எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை வண்டி செய்தார், பார்முலா மாருதி. நிறையப் பிள்ளைகள் அதில்தான் ஓட்டக் கற்றார்கள். அவர் 1995-இல் சின்ன விமான விபத்தில் போய்விட்டார், செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். பிறகு வந்த எல்.ஜி.பி. பார்முலா வண்டியில் எஸ்டீம் இன்ஜின்.

ஆக இங்கே ரோட்டு சாமானை எடுத்துத்தான் ரேஸ் வண்டி செய்தார்கள். எஸ்டீம்காரர் அதைத் திருப்பிச் செய்யப் பார்க்கிறார்.

ஜூன் 22

எஸ்டீம்காரர் வண்டியையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். மூட்டையைப் பெஞ்சில் கொட்டினோம். கண்ணாடித் தகடு ஒன்றில் ஒவ்வொரு ஜாயிண்டின் மரைத் தண்டையும் உருட்டினோம். நேராக இருந்தால் ஒரே ஒலியோடு உருளும், வளைந்திருந்தால் நடுவில் வெளிச்சம் ஏறி இறங்கும், கை சொல்லிவிடும். ஒன்று வளைந்திருந்தது, பார்வைக்குப் புத்தம்புதிது. பெரும்பாலானவற்றில் உருண்டை ஆடியது. சிலவற்றில் அங்குல மரை. நல்லது என்று ஒதுக்கியது இரண்டே இரண்டு.

அப்புறம் வண்டிக்கு வந்தோம். அவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு நான் கீழே. டைராட் எண்ட் இரண்டும் போனது நிஜம், விரல் வைத்ததுமே தெரிந்தது. ராக்கில் ஆட்டம் என்றாரே, இடது பக்க ரப்பர் உறைக்கு மேலே கை வைத்தால் ராக் கம்பியே மேலும் கீழும் குதித்தது. பினியன் (ராக்கை நகர்த்தும் பல்சக்கரம்) பக்கம் ஒன்றும் இல்லை. இடது முனை புஷ் (ராக் கம்பியைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அதற்குத்தான் அவரிடம் முழு ராக் விலை சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 22, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் உடனே ராக்கின் அடியில் இருக்கும் அட்ஜஸ்டர் திருகை இறுக்கக் கிளம்பாதீர்கள். ஆட்டம் என்றதும் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். ராக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும், நேராக ஓடுகிற நேரம்தானே அதிகம். நடுவில் ஆட்டம் போகிறவரை இறுக்கினால், வளைவில் தேயாத பற்களுக்கு வரும்போது ஸ்டீயரிங் இறுகிப் பிடிக்கும், தானாக நேருக்குத் திரும்பாது. ஆட்டத்தைவிட அது மோசம். அந்தத் திருகு கடைசி வேலை, அதுவும் இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக.

ஜூன் 25

"டிராக் டே வண்டிக்கும் இதே பதில்தானா" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. டிரெய்லரில் போய் டிரெய்லரில் வரும் வண்டி, இறக்கிய வண்டி, ஓட்டிய பிறகு குனிந்து பார்க்கும் ஆள், இந்த மூன்றும் இருந்தால் ரோஸ் ஜாயிண்ட் போடுங்கள், புதியதாக, குரோம்மோலி (உறுதியான எஃகுக் கலவை) தண்டு உள்ளதாக. மரை குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். குழாயில் அந்த ஆழத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வைத்தால் கம்பி விட்டுப் பார்க்கலாம், கம்பி உள்ளே நுழைந்தால் மரை போதவில்லை. ஸ்பேசரை மட்டும் 10.9 போல்ட் இல்லாமல் தொடாதீர்கள். அந்த வண்டிக்கு நான் முன்னால் சொன்ன பல தடைகள் பொருந்தாது.

ரோட்டிலும் ஓட்டி டிராக்கிலும் ஓட்டுகிறேன் என்பவர்கள்தான் கஷ்டம். நீங்கள் கம்பெனி டைராட் எண்டிலேயே இருங்கள். செட்டிபாளையத்தில் உங்கள் லேப் நேரத்தைக் கெடுப்பது டைராட் எண்ட் இல்லை, டயர். அதைவிட, ஓட்டுகிறவர்.

ஜூன் 29

எஸ்டீம் முடிந்தது. இடது புஷ் லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டேன், டைராட் எண்ட் இரண்டும் கம்பெனி சாமான், ஸ்ப்ளிட் பின் புதிது, அலைன்மெண்ட் போட்டு அனுப்பியாயிற்று. மொத்தச் செலவு மூட்டைக்குச் சொன்ன விலைக்குக் கீழே. அந்த நல்ல ரோஸ் ஜாயிண்ட் இரண்டையும் கியர் ராட் இணைப்பில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் போட்டுக் கொடுத்தேன். கியர் இப்போது கச்சிதமாக விழுகிறது, கொஞ்சம் சத்தம் கேபினுக்குள் ஏறும், அதை அவர் ரேஸ் சத்தம் என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். அங்கே அது தேய்ந்தால் மூன்றாவது கியர் விழாது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எனக்கு போன் பண்ணலாம்.

மிச்ச மூட்டையை என்ன செய்வது என்று கேட்டார். விற்காதீர்கள் என்று சொன்னேன். மரைத் தண்டை கட்டிங் வீலில் இரண்டாக அறுத்துவிட்டு பழைய இரும்புக்குப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அது இன்னொரு மூட்டையாகித் திரும்பி வரும்.